துட்டி வீட்டு வரிசை

ஆறு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வேலை வேண்டும் என்று யாரிடமும் எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. முதலில் பிள்ளைகளை விசாரிக்க வேண்டும். பிறகு சீசன் எப்படி என்று கேட்க வேண்டும். டீக்குக் காசை நாமே கொடுத்துவிட்டு, கிளம்பும்போது ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "அண்ணாச்சி, நம்மளையும் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க" என்று சொல்ல வேண்டும். இந்த வித்தையை நாற்பது பேரிடம் காட்டிவிட்டேன். நாற்பது பேரும் என்னை மனசில் வைத்துக்கொண்டார்கள். அங்கேயே பத்திரமாக இருக்கிறேன்.

என் பெயர் ராக்கப்பன். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். நான் வேலை பார்த்த கம்பெனி லைசென்ஸ் போய் மூடிவிட்டது. அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆள் பற்றாத சீசனிலேயே கூப்பிடாதவர்கள் சீசன் முடிந்த பிறகா கூப்பிடப் போகிறார்கள்? என் மனைவி சுப்புலட்சுமி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் கொண்டுவரும் காசில்தான் உலை கொதித்தது. காலையில் என் டீக் காசையும் அவளே எண்ணி வைத்துவிட்டுப் போவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்தது. மூன்று பேர் போனார்கள். அதில் ஒருவர் ஃபோர்மேன் காளிராஜ். அவரை எனக்கு முகம் தெரியும். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

என் மச்சினன் பெத்தணன் போன் பண்ணினான். "மாமா, துட்டிக்கு எல்லாக் கம்பெனிக்காரனும் வருவான். போயி நாலு பேரு கண்ணுல படுங்க."

"சாவு வீட்ல போயா வேல கேக்கச் சொல்ற?"

"கேக்க வேண்டாம். சும்மா உக்காந்திருங்க."

அவனைத் திட்டிவிட்டு போனை வைத்தேன். பிறகு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கத்துத் துட்டி வீட்டில் ஆண்கள் பந்தலுக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர்கள் அந்த வரிசையில் ஒவ்வொருவர் கையாகத் தொட்டுத் துக்கம் கேட்டுக்கொண்டு போவார்கள். அந்த வரிசை சொந்தக்காரர்களுக்கு உரியது. நான் அதன் கடைசியில் போய் உட்கார்ந்தேன். யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லை. ஆறு மாதம் அலைந்து பார்க்க முடியாத மேனேஜர்கள் எல்லாம் மதியத்துக்குள் என் கையைத் தொட்டுவிட்டார்கள்.

காளிராஜ் வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் வெள்ளைத்துரை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"காளிராஜுக்கு நீ என்ன வேணும்?"

"கூட்டாளி அண்ணாச்சி. உசுருக்கு உசுரா இருந்தோம்."

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். நாளைக்கு ஆபீஸுக்கு வரச் சொன்னார்.

போனேன். ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஏழு பேரை உட்கார வைத்தது ஃபோர்மேன் காளிராஜின் சொந்த முடிவு, நிர்வாகத்துக்குத் தெரியாது, இதை என் வீட்டுக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார் என்று காளிராஜின் மனைவி எழுதிக் கொடுப்பதாக இருந்தது. கடைசியில், அவர் மகள் எழிலைக் கம்பெனி படிக்க வைக்கும் என்று ஒரு வரி.

"காளிராஜ் பொண்டாட்டி யாரு சொன்னாலும் கையெழுத்துப் போட மாட்டேங்குது. கூட்டாளி சொன்னா கேக்கும். முடிச்சிட்டு வா. திங்கக்கெழமை அவன் எடத்துல நீ நிக்கலாம்."

மேனேஜர் சொல்லாமல் எந்த ஃபோர்மேனும் ரூமில் ஐந்தாவது ஆளை உட்கார வைக்க மாட்டான். இது எனக்குத் தெரியாதா? தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

காளிராஜின் மனைவி வள்ளித்தாய் என்னைப் பாயில் உட்காரச் சொன்னாள். "அவரு உங்களப் பத்திச் சொன்னதே இல்லையே அண்ணே" என்றாள். அவளே தொடர்ந்தாள். "வீட்ல எதுவும் பேசவே மாட்டாரு. வெளிய பேசிச் சிரிக்க ஒரு ஆளாச்சும் இருந்திருக்கீகளே. என்னண்ணே பேசுவாரு?"

"எழிலப் பத்தித்தான் தாயி. அவள டீச்சராக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு நான் எடுத்து வைத்த தாளைப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. போன தடவ கம்பெனில அவரு மேல பழியப் போட்டு எழுதிக் கொண்டாந்தாக. செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். இதுல அப்படி எதும் இல்லையே?"

"இல்ல தாயி. எழிலு படிப்பப் பத்தித்தான் எழுதியிருக்கு."

கடைசி வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றாள். நானும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போனேன். வெடித்த ரூமுக்கு மட்டும்தான் சீல் வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு வெள்ளைத்துரை வந்தார்.

"அனுப்ப வேண்டிய லோடு நிக்குது ராக்கப்பா. நாலு நாளைக்கு மட்டும் ரூமுக்கு ஏழு பேரு இருக்கட்டும்."

முடியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு முறை நாற்பது பேரின் பிள்ளைகளை விசாரிக்க என்னிடம் தெம்பு இல்லை. "சரி அண்ணாச்சி" என்றேன். மரத்தடியில் நின்ற மூன்று பெண்களைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன்.

சாயங்காலம் சுப்புலட்சுமி பருப்பு கடைந்து வைத்திருந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. தட்டில் கை வைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"நான் செத்துப்போனா, என் கூட்டாளின்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வருவான். அவன நம்பாத. எதுலயும் கையெழுத்துப் போடாத."

"வேலைக்குப் போன மொத நாளே என்ன பேச்சு இது? யாரு அது?"

"தெரியல. எங்கனயோ வேல தேடிக்கிட்டு இருப்பான்" என்றேன்.