கயிற்றின் கீழ்முனை

ரெக்ஸ் அந்த வீடியோ கேமை ஏற்கெனவே ஆடி முடித்தவன். அது அவனுக்குத் தெரியாது. அக்கா ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

போடிமெட்டு மலைப்பாதை வளைவில் பைக் விழுந்து தலையில் அடிபட்டதில், கடைசி இரண்டு வருடங்கள் அவன் நினைவிலிருந்து போய்விட்டன. கூட வந்த ஸ்டீவன், பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகவே திரிந்த சிநேகிதன், அந்த இடத்திலேயே இறந்துபோனான். ரெக்ஸ் தானாகக் கேட்கும்போது பக்குவமாகச் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டர். அவன் கேட்ட அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. ஸ்டீவன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டதாக ஜெசிந்தாதான் சொல்லிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ரெக்ஸ் டிவியைப் போட்டான். "ஏக்கா, இந்த கேம் எப்ப வாங்குனது? ரெண்டு பேரு ஆடுறது. நீயும் வா."

ஒரே கயிற்றில் தங்களைக் கட்டிக்கொண்டு பனிமலை ஏறும் இரண்டு பேரின் கதை அது. போன கிறிஸ்துமஸ் லீவில் ரெக்ஸும் ஸ்டீவனும் சோறு தண்ணி மறந்து ஆடினார்கள். "இதை அப்படியே மறந்துட்டு மறுபடி மொதல்லருந்து ஆடணும்டா" என்று ரெக்ஸ் அன்றைக்குச் சொன்னான்.

மறுத்தால் சந்தேகப்படுவான். இன்னொரு கண்ட்ரோலரைக் கையில் எடுத்தாள்.

பனிப்பாலம் உடைந்தபோது ரெக்ஸ் துள்ளினான். கழுகு பாய்ந்தபோது கத்திவிட்டுச் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் இப்படிச் சிரித்ததில்லை. ஜெசிந்தாவால்தான் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. உச்சி நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் பாறை பெயர்ந்தது. அவளுடைய ஆள் கயிற்றின் கீழ்முனையில் தொங்கினான். மேலே இருந்த ரெக்ஸின் ஆளும் வழுக்கத் தொடங்கினான். அவள் பக்கத் திரையில் ஒரு கத்தி மின்னியது; கயிற்றை அறுத்தால் மேலே இருப்பவனாவது பிழைப்பான். அவள் விரல் அசையவில்லை. இருவரும் விழுந்தார்கள்.

"ஏதாச்சும் அமுக்குக்கா!"

மறுபடியும் அதே பாறை, அதே கத்தி. மறுபடியும் விழுந்தார்கள். அடுத்த தடவை ரெக்ஸ் திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்தான்.

"கத்தி வர்றதுக்கு முன்னாடியே நீ வெரல எடுத்துர்ற. இதை இங்கன யாரு ஆடுனா?"

"நீயும் ஸ்டீவனும்."

"அவன் அறுத்தானா?"

"யோசிக்கவே இல்ல. பட்டுனு அறுத்தான். நீதான் அழுத."

ரெக்ஸ் கண்ட்ரோலரைக் கீழே வைத்தான். "துபாய்ல இருக்கவன் ஒரு தடவைகூட என்கிட்டப் பேசலையே, ஏன்?"

வேலை மும்முரம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். "ஸ்டீவன் இல்லடா. அந்த வளைவுலயே போயிட்டான்."

ரெக்ஸ் டிவியை அணைத்தான்.

"வண்டிய யாரு ஓட்டுனது?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை நாளும் பொய்யைக் கட்டிக் காத்தாள்.

"நீதான். எதுத்தாப்புல லாரி ஏறி வந்துச்சு. ஒந் தப்பு இல்லைன்னு போலீஸே சொல்லிட்டாக."

அவன் அழவில்லை. எழுந்து செருப்பை மாட்டினான். "ஸ்டீவன் அம்மா வீட்டுல இருப்பாகளா?"

"இருப்பாக. ஆனா இன்னிக்கே..."

"போவோம்க்கா."

ஸ்டீவனின் ஊரான ஓடைப்பட்டிக்கு ஜெசிந்தா ஸ்கூட்டியை ஓட்டினாள். அவன் பிடித்த பிடியில் அவளுக்குத் தோள் வலித்தது. திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டு வாசலில் வண்டி நின்றும் அவனால் இறங்க முடியவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டு ஸ்டீவனின் அம்மா ஜெபஷீலா வெளியே வந்தார். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்ததுமே, ரெக்ஸுக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டது. நேரே வந்தவர் ரெக்ஸின் சட்டையைப் பிடித்து இறக்கினார். நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். ஜெசிந்தா பதறிக் குறுக்கே போனாள். ரெக்ஸ் கையால் அவளைத் தடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டு நின்றான்.

கை ஓய்ந்ததும் ஜெபஷீலா அவன் தலைத் தழும்பைத் தடவினார்.

"ஏலே, இங்கன வர இம்புட்டு நாளா ஒனக்கு?" என்று அவனைக் கட்டிக்கொண்டு கதறினார்.

அப்போதுதான் ரெக்ஸும் அழுதான்.