நாலு புது டயர்

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்ணே? அப்பாவை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டுப் போகணும்" என்று அவள் மறுபடியும் கேட்டபோது, நாலு டயரும் கழன்ற அந்தச் சின்ன கார் ஜாக்கிகளின் மேல் பரிதாபமாக நின்றுகொண்டிருந்தது.

"பதறாத காரியம் சிதறாதும்மா." டயர்க்கடைக்காரர் பழைய டயர் ஒன்றைத் தடவிக் காட்டினார். "தொட்டுப் பாரு, படிக்கட்டு மாதிரி தேஞ்சிருக்கு. ரப்பர் காஞ்சு கல்லாயிடுச்சு. சின்ன வண்டிக்குத் தகரமும் மெலிசு, எல்லாச் சத்தமும் உள்ளதான் வரும். உன் வண்டி இரையறது ஏரோப்ளேன் மாதிரி, போறது மாட்டு வண்டி மாதிரி!"

அவள் சிரிக்கவில்லை. "புதுசு போட்டா சத்தமே வராதா?"

"சுத்தமா வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். மெத்துனு இருக்கிற ரப்பர், காத்தும் அளவா வைக்கிறேன். பக்கத்துல உக்காந்து குசுகுசுன்னு பேசினாலும் கேக்கும்."

அது போதும். அதுக்காகத்தானே இத்தனை பாடும்.

அப்பா இருக்கிறாரே, அவர் பிடித்த முயலுக்கு மூணே கால். கட்டினவனை விட்டுவிட்டு அவள் தனியாக வந்து நின்ற அன்றைக்கு மகளோடு பேச்சை நிறுத்தினார். ஊர் உலகத்தில் எந்த அப்பனும் கோபப்படுவான். நாலு மாசம் முறைப்பான், பிறகு தணிவான். இவர் வருஷக்கணக்காகத் தணியவில்லை. தொண்டையில் நோய் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வைத்திருக்கிற ஒரே ஆள் மகள்தான் என்றான பிறகும், "தண்ணி", "கதவைச் சாத்து", அவ்வளவுதான். குரலும் தேய்ந்து வெறும் காற்றாகிவிட்டது.

ஆனால் காரில் மட்டும் பேசினார். வண்டி வேகமெடுத்ததும் உதடு அசையும். ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொல்லிக்கொண்டே வருவார். டயர் போடுகிற கூச்சலில் ஒரு வார்த்தை காதில் விழாது. "என்னப்பா?" என்று கேட்டால் நிறுத்திவிடுவார். சிக்னலில் வண்டி நின்றால் அவரும் நின்றுவிடுவார். பாவம், மூச்சு வாங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

நேற்று டாக்டர், "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் இதுதான் கடைசிப் பயணம். ராத்திரி பூராவும் அவளுக்கு இருந்தது ஒரே நினைப்புதான்: அவர் என்ன சொல்கிறார்? திட்டுகிறாரா, மன்னித்துவிட்டாரா? திட்டாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்டுவிட வேண்டும். விடிந்ததும் டயர்க்கடை வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

புது டயரோடு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அம்மா வீட்டில் கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் அப்பாவைத் தூக்கி முன்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார்கள். எடையே இல்லை அவருக்கு.

வண்டி தார் ரோட்டில் ஏறியது. அடேயப்பா, என்ன அமைதி! அப்பாவின் மூச்சு இழுத்து விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"வண்டிக்கு என்ன?"

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "டயர் மாத்திட்டேம்பா. இனிமே நீங்க பேசறது நல்லாக் கேக்கும். சொல்லுங்கப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். களவு செய்யும்போது அகப்பட்டுக்கொண்ட குழந்தை முகம். பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"அப்பா, சொல்லுங்கப்பா."

"ஒண்ணுமில்ல."

ரோடு ஓடியது. வீடு நெருங்கிக்கொண்டே வந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிக்னலில் அவர் மூச்சு வாங்கவில்லை. கேட்டுவிடும் என்று பயந்து நிறுத்தியிருக்கிறார். கேட்காது என்ற தைரியத்தில்தான் இத்தனை நாளும் பேசியிருக்கிறார். அந்தத் தைரியத்தைத்தான் அவள் காலையில் கழற்றிக் கடையில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் அவள் திரும்பவில்லை. நேராகப் போனால் பழைய சிமெண்ட் ரோடு, குண்டும் குழியுமாக, லாரிகள் மட்டும் போகிற ரோடு. அதில் இறக்கினாள். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். காற்றும் புழுதியும் உள்ளே புகுந்தன. புது டயர்கூட இந்த ரோட்டில் அலறத்தான் செய்தது. அவள் ரோட்டை மட்டும் பார்த்தாள். தப்பித் தவறிக்கூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

ஓரக்கண்ணில் தெரிந்தது. அப்பாவின் உதடு அசைய ஆரம்பித்தது.

வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஒரு வார்த்தையாவது கேட்கும். குறைக்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் புழுதியோடு சேர்ந்து ஒட்டியது. அவளும் பேசினாள், அதே இரைச்சலுக்குள்ளே. "என்னால அங்க இருக்க முடியலப்பா. உங்களை அவமானப்படுத்தணும்னு வரலப்பா. எங்கூடப் பேசியிருக்கலாமேப்பா." அவருக்குக் கேட்டதோ இல்லையோ. அவர் பாட்டுக்கு அவர், இவள் பாட்டுக்கு இவள், ரோடு தீரும்வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள்.

சிமெண்ட் ரோடு முடிந்து, சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் போகிற தார் ரோடு வந்தது. இரைச்சல் அடங்கியது. அவர் உதடும் அடங்கியிருந்தது. சத்தம் நின்றுவிட்டதே, வழக்கம்போல நிறுத்திவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

வீட்டு வாசலில் அம்மா ஓடி வந்து கதவைத் திறந்து அவர் கையைத் தொட்டாள். தொட்டவள் அலறினாள்.

பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து தூக்கி, ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினார்கள். சத்தம் போட்டு அழுது ஓய்ந்த பிறகு அம்மா அவளிடம் நகர்ந்து வந்தாள்.

"வழியில ஏதாவது பேசினாராடி? உங்கிட்ட?"

"பேசினாரும்மா. வழி பூரா பேசிட்டே வந்தாரு."

அம்மா அவள் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "என்னடி சொன்னாரு? என்ன சொன்னாரு?"

அவள் வாசலைப் பார்த்தாள். கார் கண்ணாடிகளை யாரும் ஏற்றவில்லை. முன்சீட்டு முழுக்க வெள்ளைப் புழுதி படிந்திருந்தது. அவர் சாய்ந்திருந்த இடத்தில் மட்டும் இல்லை.