பின்சந்தில் ஒரு வேலி

மலேசியாவின் கெலாங் பாத்தாவில், மலிவு விலை அடுக்குமாடியிலிருந்து பக்கத்துத் தாமான் வீட்டுக் குடியிருப்புக்கு ரீத்தா குடிவந்து எட்டு வருடமாகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்துதான். தம்பி ரேமண்ட் இன்னும் அந்த அடுக்குமாடியில்தான் இருந்தான். மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு கால் போனபின், ஊன்றுகோலோடு சந்து வழியே தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான்.

தாமானில் அடுத்தடுத்து மூன்று மோட்டார் சைக்கிள்கள் திருடு போயின. அந்தச் சந்து வழியை அடைத்து வேலி போடக் குடியிருப்பாளர் சங்கம் கூட்டம் கூட்டியது. பட்டாசு, நாய், கார் நிறுத்துமிடம் என்று எதிலும் ஒத்துப்போகாத மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள்.

ரீத்தா எழுந்தாள். "திருடன் பிளாட்லேருந்துதான் வந்தான்னு யார் பார்த்தாங்க? அங்க என் தம்பி இருக்கான்."

எல்லாரும் மரியாதையாக 'என்சிக்' என்றழைக்கும் சங்கத் தலைவர் ரம்லி தன்மையாகவே சொன்னார்: "உங்க தம்பியை யாரும் குறை சொல்லல. அவர் தாமான் முன்வாசல் வழியா வரலாமே."

"சுத்தி வர ஒன்றரை கிலோமீட்டர், என்சிக். ஒரு கால்ல எப்படி வருவான்?"

பக்கத்து வீட்டு மேடம் லிம் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீங்கதான் அங்கேருந்து வந்துட்டீங்களே."

கைகள் உயர்ந்தன. அதே அடுக்குமாடியில் அவளோடு வளர்ந்த விஜயனும், அவள் பக்கம் திரும்பாமல், கையைத் தூக்கினான்.

வேலி வந்த அன்று ரேமண்ட் சுற்றிக்கொண்டு வந்தான். முன்வாசலில் நேப்பாளக் காவலாளி ஐசி அடையாள அட்டையைக் கேட்டு, பெயர் எழுதி, வீட்டுக்குப் போன் போட்டு உறுதி செய்தபிறகே விட்டான். வீடு வந்து சேர்ந்தபோது ரேமண்டின் சட்டை நனைந்திருந்தது.

"நாளைலேருந்து வரலக்கா. அக்குள்ல தோல் உரிஞ்சிடுச்சு."

ரீத்தாவின் கணவர் வேலை முடிந்து சிங்கப்பூரிலிருந்து திரும்ப இரவு ஒன்பதாகும், காரும் அவரோடு. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். மறுநாள் அவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு ரீத்தா வேலிக்குப் போனாள். அந்தப் பக்கம் தம்பி நின்றான். டப்பா கம்பிக்குள் நுழையவில்லை. மேலே கை எட்டவில்லை. வீட்டுக்குத் திரும்பி, சோற்றையும் குழம்பையும் பிளாஸ்டிக் பைகளில் கட்டி வந்து திணித்தாள். சோறு போய்ச் சேர்ந்தது. குழம்புப் பை கம்பியில் கிழிந்து அவள் முழங்கைவரை வழிந்தது.

"பரவால்லக்கா. வெறும் சோறே போதும்," என்றான் ரேமண்ட்.

மேடம் லிம் தன் பின்கட்டுச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரீத்தா நிமிர்ந்ததும், குனிந்து பாத்திரம் கழுவத் தொடங்கினார்.