மண் துப்பிய குரோட்டன்ஸ்

பள்ளி வளாகத்தின் சிமெண்ட் தளத்தை உடைத்த அன்று, அடியிலிருந்த மண் மதியம்வரை இருமியது. இருபத்தெட்டு வருடம் மூச்சு முட்டக் கிடந்ததல்லவா. அந்தத் தளத்தைப் போட்டவரும் இப்போது உடைத்தவரும் ஒரே கொத்தனார்தான். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தவர், "தெரியாம மூடிட்டேன், மன்னிச்சிரு," என்று மண்ணிடமே சொன்னார். ஆழ்துளைக் கிணறு வற்றி, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமல், பெரிய வகுப்புப் பெண்கள் ஒவ்வொருவராகப் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். அடுத்த கோடைக்குள் தண்ணீர் வராவிட்டால் பள்ளியையே மூடுவதாக மேலிடத்துக் கடிதமும் வந்துவிட்டது. தலைமையாசிரியை யாரையும் கேட்காமல் தளத்தை உடைக்கச் சொன்னது அதனால்தான்.

மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழிக்குள் விட்டார் கொத்தனார். முதல் மழையை மண் மடக் மடக்கென்று குடித்தது. அந்தச் சத்தத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்த முடியவில்லை. இரண்டாவது மழையும் அப்படியே போயிற்று. கிணற்றில் ஒரு சொட்டு ஏறவில்லை. அழகுக்காக வாங்கி நட்ட குரோட்டன்ஸ் செடிகளை மண் சேர்த்துக்கொள்ளவே இல்லை. விடிந்தால் எல்லாம் வேரோடு வராந்தாவில் வரிசையாகக் கிடக்கும், ஓர் இலைகூடக் கசங்காமல். தலைமையாசிரியை மூன்று முறை நட்டார். மூன்று முறையும் துப்பியது.

"பிடிக்காத சோத்த ஏன் டீச்சர் ஊட்டுறீங்க? அது பழகினது வேற," என்றார் கொத்தனார்.

ரயில் பாதையோரம் தானாக முளைத்துக் கிடந்த புதர்களின் விதைகளைப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கிவரச் செய்து தூவினார் தலைமையாசிரியை. ஒரே வாரத்தில் மண் அவற்றை இடுப்புயரம் வளர்த்தது. வேர் இறங்கிய வழியே தண்ணீரும் இறங்கியது. கோடையில் வந்த அதிகாரி, பள்ளியை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது, கழிப்பறைக் குழாய்களெல்லாம் தாமாகத் திறந்து கொட்டின. அவர் முகம் கழுவி, "தண்ணி ஜில்லுன்னு இருக்கே," என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். நின்றுபோன பெண்கள் திரும்பி வந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவளுக்கு அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது.

பதினொரு வருடம் கழித்துத் தலைமையாசிரியைக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் வாசலைத் தாண்டும்போது மண் அவருடைய செருப்பு இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டது. "விடு, பஸ் போயிரும்," என்று கெஞ்சிப் பார்த்தார். மரியாதைக்காக அரைமணி நேரம் நின்றார். பிறகு கால்களை மட்டும் உருவிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வெறுங்காலோடு பஸ் ஏறினார். அவர் இடத்துக்கு வந்தவர் விவரமானவர். சேர்ந்த அன்றே பையில் ஒரு ஜோடி மாற்றுச் செருப்பு கொண்டுவந்திருந்தார்.