மூக்கர் வீட்டுத் துணி

"இது யாரோடது?"

கொதிக்கிற தொட்டியிலிருந்து துணி எடுக்கும் நீள இடுக்கி. அதன் நுனியில் ஒரு வெள்ளைத் துண்டுத்துணி. செத்த எலியைப் பிடித்திருப்பதுபோல அதை உடம்புக்கு எட்டப் பிடித்துக்கொண்டு சலவைக் கூடத்தின் நடுவில் நின்றார் மூக்கர். எதிரே சுவரோரம் மூன்று பெண்கள் நின்றார்கள்: அவருடைய அம்மா, மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள்.

"காது கேக்கலையா? ஹோட்டல் மேனேஜர் அத்தனை பேர் முன்னாடி பையில போட்டு என் கையில குடுக்கிறான். 'சார், உங்க வீட்டுத் துணி எங்க தலையணை உறையோட வந்துடுச்சு'ங்கிறான். சொல்லிட்டு இளிக்கிறான். நாக்கைப் புடுங்கிக்கலாம்போல இருந்துச்சு எனக்கு. யாரோடதுன்னு கேக்கிறேன்ல?"

பக்கத்து அறையில் இஸ்திரி போடுகிறவள் பெட்டியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

மூக்கர் என்பது தெரு வைத்த பெயர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. ஹோட்டல் விரிப்போ பிரசவ ஆஸ்பத்திரி விரிப்போ, வரும்போதும் போகும்போதும் முகத்தருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுப்பார். சோப்பு மிச்சமா, ஈரம் மிச்சமா, கறை எந்த மடிப்பில் ஒளிந்திருக்கிறது, எல்லாம் சொல்லிவிடுவார். ஊரார் அழுக்கு அத்தனையும் சகிக்கிற அந்த மூக்குக்கு வீட்டுப் பெண்களின் உடம்பு மட்டும் ஆகாது. மகள் பெரியவளான அன்று அவர் சொன்ன முதல் வார்த்தை, "அவளை இந்தப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லு" என்பதுதான். தகப்பன் என்று ஒரு பட்டம் வேறு!

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மொட்டைமாடியும் வெயிலும் ஊரார் விரிப்புகளுக்கு. வீட்டுப் பெண்களின் அந்தத் துணி காய வேண்டிய இடம் படிக்கட்டுக்குக் கீழே, மோட்டாருக்குப் பின்னால், சாக்குத் திரை போட்டு மறைத்த ஒரு கயிறு. கடையில் நாப்கின் வாங்கக் கூடாதா என்றால், வாங்கினால் குப்பைத் தொட்டி நாறுமாம். கிழிந்துபோன ஹோட்டல் விரிப்புகளை வெட்டிக் கொடுத்து, "இதுக்கு இது போதும்" என்று ஏற்பாடு செய்தவரும் அவரே. படிக்கட்டுக்குக் கீழே எந்தத் துணியும் முழுதாகக் காய்ந்ததில்லை. பூஞ்சை வாடையும் கையில் ஒட்டும் பிசுபிசுப்புமாக அதையே மடித்து மறுபடியும் உடம்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அட, மிதியடியைக்கூட மனுஷர்கள் வெயிலில் உதறிப் போடுகிறார்கள்!

அப்படி வெட்டின துணி ஒன்றை யாரோ மாடிக் கொடியில் போட்டிருக்கிறார்கள். வெட்டின அளவும் தலையணை உறையின் அளவும் ஏறக்குறைய ஒன்று. துணி அள்ளினவர்கள் உறைகளோடு சேர்த்து மடித்துவிட்டார்கள். அது ஹோட்டல்வரை போய், ஒரு ஓரத்தில் மங்கின கறையோடு திரும்பி வந்திருக்கிறது.

"நீதானே?" என்றார் மனைவியைப் பார்த்து.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. கட்டி கட்டியாகப் போகிறது. முகம் அவர்கள் வெளுக்கிற விரிப்பைவிட வெளுத்திருந்தது. நாலு படி ஏறினால் கண் இருட்டுகிறது. இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயே தீருவது என்று காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு நின்றவள்தான். இதற்கு முன் இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் அவர் விடவில்லை. "அந்த ஆஸ்பத்திரி நம்ம கஸ்டமர். அந்த விரிப்பெல்லாம் என்ன லட்சணத்துல வருதுன்னு எனக்குத் தெரியும். அதுமேல என் பொண்டாட்டி போய்ப் படுக்கிறதா? நாளைக்கு மூட்டை எடுக்கப் போனா அங்க இருக்கிறவன் என் மூஞ்சியைப் பாத்து என்ன நெனைப்பான்? வயசானா வர்றதுதான். தானா நிக்கும்." மாமியாரும் அன்றைக்கு மகன் பக்கம்தான் பேசினாள். "எனக்கு நிக்கலையா? பொம்பளைன்னா அப்படித்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

அந்த மாமியார் கால்களை அகட்டி அசைந்து அசைந்துதான் நடப்பாள். உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள். "வாத்து வருது, வழி விடுங்க" என்று மகன் கேலி செய்வார். வேலைக்காரர்கள் சிரிப்பார்கள். அவள் எல்லாருக்கும் முந்திச் சிரித்துவிடுவாள்.

"என்னுது இல்லைங்க" என்றாள் மனைவி.

"அப்ப இவளா?" இடுக்கி மகள் பக்கம் திரும்பியது. துணி அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் ஆடியது. "வாயைத் திறடி. ஸ்கூல்ல இதைத்தான் சொல்லிக் குடுக்கிறாங்களா? ஊருக்கெல்லாம் காட்டணுமா?"

சின்னப்பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு சுவருக்குள் போய்விடப் பார்த்தாள்.

"அவளை விடுங்க. என்னுதுதான்" என்றாள் தாய்க்காரி. பொய்தான். வேறு என்ன செய்வாள்?

"அதானே பாத்தேன்! ஆஸ்பத்திரியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. புடவையை மாத்திட்டு உள்ள போ. இது நிக்கிற வரைக்கும் படிக்கட்டுக்குக் கீழேயே பாயைப் போட்டுக்கோ. உன் பக்கத்துல படுத்தா கசாப்புக் கடையில படுத்த மாதிரி இருக்கு."

கட்டினவளைப் பார்த்து, பெற்ற மகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பேசின பேச்சு இது. சீ!

அவள் உள்ளே போகத்தான் திரும்பினாள். இரண்டு அடி வைத்ததும் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். குதிகால் வழியாக இறங்கின ரத்தம் ஈரச் சிமெண்டில் சோப்புத் தண்ணீரோடு கலந்து ஓடியது. "அம்மா!" என்று மகள் முன்னால் பாய்ந்தாள். மூக்கர் பின்னால் பாய்ந்தார்.

"ஐயய்யே! தண்ணி ஊத்துங்க! சீக்கிரம்! ஹோட்டல் மூட்டையைத் தள்ளி வைங்க, அதுல பட்டுத் தொலைக்கப்போகுது!"

"அந்தத் துணி என்னுதுடா."

மாமியார்தான். மருமகளின் தலையைத் தன் தொடையில் தாங்கிக்கொண்டு அண்ணாந்து மகனைப் பார்த்தாள்.

"நீ சும்மா இரும்மா. உனக்கு இந்த வயசுல ஏது?"

"இது அது இல்லடா. நீ பொறக்கிறப்போ மூணு நாள் துடிச்சேன். நீ வெளிய வந்தே, உன் பின்னாலேயே உன்னைச் சுமந்த பையும் இறங்கிடுச்சு. உடம்பு தேறுமுன்னாடி உங்கப்பா ஈர மூட்டை தூக்கச் சொன்னாரு. தூக்கினேன். இன்னும் இறங்கிச்சு. அன்னையிலேருந்து துணியைச் சுருட்டி முட்டுக் குடுத்துக்கிட்டுத்தான் நடமாடறேன். வாத்து வாத்துன்னு சிரிப்பியே, அந்த நடைதான் இது. படிக்கட்டுக்குக் கீழ காயவே மாட்டேங்குது. ஈரத்துணி உரசி உரசிப் புண்ணாயிடுச்சு. புண்ணுல ரத்தம் வருது. தாங்க முடியாம, விடியறப்போ தவழ்ந்து தவழ்ந்து மாடி ஏறிக் காயப் போட்டேன். போதுமா?"

"அம்மா, நிறுத்து! அசிங்கமா பேசாதே."

"அசிங்கமா? நீ வந்த வாசல்டா அது. வேற எந்த வழியா வந்தே, சொல்லு பாப்போம்."

இடுக்கி கீழே விழுந்தது. மூக்கர் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடி ஓங்கரித்தார். அவருக்குக் குமட்டியது பெற்றவளின் புண். நமக்குக் குமட்டுவது வேறு.

"இன்னொண்ணும் கேட்டுட்டுப் போ" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள் அவள். "அந்த மூட்டையை நீதானே மோந்து பாத்துக் கட்டினே? இந்தத் துணி உனக்கு நாறலையே? வெயில் பட்டா எதுவும் நாறாதுடா."

இஸ்திரி போடுகிறவள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "வண்டி கூப்பிட்டுட்டேன், பெரியம்மா."

"ஏந்திரி, கண்ணு" என்று மருமகளின் கையைப் பிடித்தாள் மாமியார். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருன்னு சொன்ன பாவி நான்தான். கடிச்சுக் கடிச்சு எனக்குப் பல்லே போயிடுச்சு. நீ வண்டியில ஏறு."

ஆஸ்பத்திரியில் மருமகளை உடனே படுக்க வைத்து ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டி, மருந்தில் அடங்காவிட்டால் ஆபரேஷன் என்றாள் டாக்டர். "இன்னும் ரெண்டு நாள் வீட்டுலேயே வெச்சிருந்தீங்கன்னா பொணமாத்தான் கொண்டு வந்திருப்பீங்க. கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று எரிந்து விழுந்தாள்.

"வந்தா அவனுக்கு வாந்தி வரும்மா" என்றாள் மாமியார்.

பிறகு அவளையும் பரிசோதித்தாள் டாக்டர். புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினாள். "புண்ணு ஆறட்டும். அப்புறம் இதை உள்ள வெச்சு விடறேன். அது பையைத் தாங்கிப் பிடிச்சுக்கும். ரெண்டு நிமிஷ வேலை. அப்பப்போ வந்து கழுவி மாத்திக்கணும், அவ்வளவுதான்."

கிழவி வளையத்தைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். குழந்தைக் கை வளையல் அளவுதான் இருந்தது.

"இது இப்பத்தான் புதுசா வந்திருக்கா, டாக்டரம்மா?"

"இல்லம்மா. நீங்க பிள்ளை பெத்தப்பவே இருந்தது."

ஆயுசில் பெரும்பகுதியை வாத்தாக நடந்து தீர்த்தவள், அந்த வளையத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மருமகளுக்கு மாற்றுப்புடவை எடுக்க மாமியார் வீட்டுக்கு வந்தபோது, வழக்கம்போல ஆஸ்பத்திரி மூட்டையும் வந்து இறங்கியிருந்தது. ஆள் முடிச்சை அவிழ்த்தான். மேலேயே, கரும்பழுப்பாக உறைந்த ஒரு விரிப்பு. மூக்கர் எட்ட நின்றார். மூக்கைத் துண்டால் மூடியிருந்தார்.

"என்னடா, மோந்து பாக்கலையா?" என்றாள் தாய். "இதுல எது உன் பொண்டாட்டி படுத்தது, எது ஊரான் பொண்டாட்டி படுத்ததுன்னு சொல்லேன். கெட்டிக்கார மூக்காச்சே."

வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

அப்போது படிக்கட்டுக்குக் கீழேயிருந்து வாளியும் கையுமாக வந்தாள் மகள். சாக்குத் திரைக்குப் பின்னால் இருந்த துணி அத்தனையையும் அலசிப் பிழிந்து எடுத்திருந்தாள்.

"எங்கடி போறே?"

"மாடிக்கு, அப்பா."

வழியில் நின்றவரைச் சுற்றிக்கொண்டு அவள் பாட்டுக்கு ஏறிப்போனாள். மேலே ஹோட்டல் விரிப்புகளை ஓரமாகத் தள்ளினாள். தெருப் பக்கத்துக் கொடியில் ஒவ்வொரு துணியாக உதறிப் போட்டு கிளிப் மாட்டினாள். நல்ல வெயில். விரிப்பு எடுக்க வந்த ஹோட்டல் டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தான்.

"என்ன பாப்பா, அதெல்லாம் யாரோடது?"

கீழே மூக்கர் துண்டை முகத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"எங்களோடது, அண்ணே" என்றாள் மகள். சொல்லிவிட்டு அடுத்த துணியை வாளியிலிருந்து எடுத்தாள்.