வெறுங்கைச் சண்டைக்கு அரைப் பக்கம்

மச்சினனின் வலது கை என் கழுத்தைச் சுற்றி வந்து அவனுடைய இடது முழங்கை மடிப்புக்குள் பூட்டிக்கொண்டது. அவன் முகவாய் என் உச்சந்தலையில் அழுந்தியது. கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கம்பளத்தின் மேல் இருவரும் ஒருவருக்குள் ஒருவர் சிக்கி உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. என் மனைவியின் தோழியான பல் டாக்டர் மேசையின் மேல் ஏறி உட்கார்ந்து கைப்பேசியில் நொடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆறு நொடி ஆச்சு. முதல் சுற்று முடிஞ்சுது," என்றாள். "இப்ப உங்க முறை. தப்பிக்கணும்."

நான் தோளை ஒரு முறை அசைத்தேன்.

"இதுவா முயற்சி? ஈ உக்காந்தா மாடு கூட இதைவிட நல்லா அசையும்," என்றான் மச்சினன், என் தலைக்கு மேலிருந்து.

இது விளையாட்டுக்கான சோதனை. நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் ஆடியது, தாளும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடும் கதை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம் உண்டு. ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். வழியில் வரும் மழை, கதவு, பகைவன் எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் மேசையில் அது நான். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வாளால் வெட்டினால் ஒரே உருட்டல், முடிந்தது. கையில் ஆயுதம் இல்லாமல் ஒருவரைப் பிடித்தால், மடக்கினால், கீழே தள்ளினால் மட்டும் விதிப்புத்தகத்தில் நாலு பக்கம், மூன்று அட்டவணை. அந்த நாலு பக்கத்தை எந்த மேசையிலும் யாரும் முழுதாகப் படித்ததில்லை என்று நினைக்கிறேன்.

என் மனைவியின் பாத்திரத்தைப் பூனை என்று கூப்பிடுவோம். பூட்டுத் திறப்பவள். யார் கைக்கும் அகப்படாதவள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பாலத்தின் நடுவில் காவல் நின்ற அரக்கன் ஒருவன் அவளை இடுப்போடு பிடித்துத் தூக்கிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினான். அதாவது, நான் நீட்டினேன். உடனே புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள்.

"நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள அங்க தொங்கிட்டே எனக்குத் தலை நரைச்சுடும்," என்றாள். "இதை அரைப் பக்கத்துல எழுதிட்டு வா. வாஷிங் மெஷினுக்கே எழுதுறே, இதுக்கு எழுத மாட்டியா?"

அதோடு அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்தினோம். செவ்வாய்க்கிழமை மச்சினன் கப்பல் ஏறினான். அவன் கப்பலில் எலக்ட்ரீஷியன். அடுத்த ஞாயிறு பல் டாக்டருக்கு வேறு வேலை. பதினோராம் நாள், வியாழக்கிழமை, அலுவலகத்தில் என் மனைவியின் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய செருப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

எனக்கு உண்மையிலேயே சலவை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவதுதான் வேலை. ஒரு வரிக்கு ஒரு செயல். படிப்பவருக்குச் சந்தேகம் வரும் இடத்தில் ஓர் எண். அந்த வேலையை நான் ஒரு நாளும் விடவில்லை. எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து அரைப் பக்கத்தை எழுதினேன். பிடிப்பவர் உருட்ட வேண்டும். பிடிபட்டவர் தன் முறையில் உருட்டலாம். கூடுதல் எண் வெல்லும். எழுதி முடித்துப் பல் டாக்டருக்கு அனுப்புவேன். அவளும் என் மனைவியும் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். "நல்லா இருக்கு, பாலத்துக்கு எப்ப போறோம்?" என்று பதில் வரும். ஓர் ஓட்டை இருக்கிறது, சரிசெய்துவிட்டுப் போகலாம் என்பேன். அப்படிப் பதினேழு வடிவங்கள் ஆகிவிட்டன. மச்சினன் ஊர் திரும்பி ஆறு வாரம். வருகிற புதன்கிழமை மறுபடி ஏறுகிறான்.

"மாமா, திமிறுங்க," என்றான் இப்போது. "சும்மா இருந்தா நான் எதைப் பிடிக்கிறது? சோபாவைக் கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கு."

"நாலாவது சுற்று," என்றாள் பல் டாக்டர்.

அவன் முன்கை வியர்த்திருந்தது. மூச்சு என் காதுக்குப் பின்னால் சூடாக வந்து போனது. இந்த எட்டு மாதத்தில் நிறையப் பேர் என்னைத் தொட்டிருக்கிறார்கள். தோளில் இரண்டு தட்டு, கையை ஓர் அழுத்து, அவ்வளவில் எடுத்துவிடுவார்கள். ஆறு நொடியைத் தாண்டி யாரும் போனதில்லை. எனக்கு மூச்சு முட்டவில்லை. வலிக்கவும் இல்லை. கம்பளத்தில் காப்பி சிந்திய ஒரு கறை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதுமா?" என்றான்.

"இன்னும் ரெண்டு சுற்று பார்க்கலாம்," என்றேன்.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. மச்சினன் பிடியைத் தளர்த்தவில்லை. இரண்டு சுற்றும் முடியும்வரை அப்படியே பிடித்திருந்தான்.

பிறகு இடம் மாற்றினோம். நான் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். அவன் என்னைவிட அகலம். கயிறும் கம்பியும் இழுத்த உடம்பு. முதல் இரண்டு சுற்றில் திமிறிப் பார்த்தான். அப்புறம் கெட்டிக்காரத்தனமாகச் சும்மா சாய்ந்துகொண்டான். "டாக்டரக்கா, அந்த பிஸ்கட் தட்டை இப்படித் தள்ளுங்க," என்று கையை நீட்டி ஒன்றை எடுத்துத் தின்றான். தூள் என் முழங்கையில் உதிர்ந்தது. மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை. மேசையில் என் கைப்பேசி அடித்து நின்றது. எட்டாவது சுற்றில் என் முன்கைகள் நடுங்கத் தொடங்கின. பதினோராவதில் நானே விட்டுவிட்டேன்.

"பாத்தீங்களா," என்றான் அவன் வாயைத் துடைத்துக்கொண்டு. "பிடிச்சவனுக்கும் ரெண்டு கையும் போச்சு. நான்தான் ஜாலியா இருந்தேன்."

"என் நாற்காலில உக்கார்றவங்கள்ல பாதிப் பேர் பயத்துல என் மணிக்கட்டைப் பிடிச்சுக்குவாங்க," என்றாள் பல் டாக்டர். "அவங்களும் வாயைத் திறக்க முடியாது, நானும் பல்லைத் தொட முடியாது. ரெண்டு பேரும் அப்படியே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு இருப்போம். நர்ஸ் சிரிப்பா."

"எழுதிக்கறேன்," என்றேன்.

அவள் மேசையிலிருந்து இறங்கவில்லை. பையிலிருந்து தாள்களை எடுத்தாள். பதினேழு வடிவங்களையும் அச்செடுத்து வைத்திருந்தாள். நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணு கேட்கணும். பகடை மாறிருக்கு. எண் மாறிருக்கு. நடுவுல ஒரு தடவை அட்டவணை கூட வந்துட்டுப் போயிருக்கு. நாலாவது வரி மட்டும் ஒரு எழுத்து கூட மாறல." படித்தாள்: "பிடிபட்டவர் உருட்டி வெல்லும்வரை பிடி தொடரும்."

நான் முழங்கையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டேன்.

மச்சினன் அவள் கையிலிருந்து ஒரு தாளை வாங்கினான். நாலாவது வரியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றான். அவன் காதுமடல் சிவந்தது. அவன் அக்காவுக்கும் அப்படித்தான் ஆகும்.

"அப்போ அக்கா உருட்டினாத்தான்," என்றான்.

"ஆமா."

"அக்கா எப்படி மாமா உருட்டுவா?"

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். பல் டாக்டர் மேசையிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவளை அங்கயே தொங்க விட்டுட்டு, இந்தப் பக்கம் இலக்கணம் பாத்துட்டு இருந்திருக்கீங்க," என்றான். குரலை உயர்த்தவில்லை. "நான் உருட்டறேன். எங்கிட்ட குடுங்க."

"அது அவ பகடை."

"அவ தம்பிதானே நான்."

"ஜெயிச்சா மட்டும் என்ன? கையை விட்டுக் கீழ போயிடுவா."

"போகட்டும்," என்றான். உடனே இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்தான். "மாமா, அவ போனப்ப நான் நடுக்கடல்ல இருந்தேன். நீங்க வீடியோல அவ முகத்தைக் காட்டினீங்க. நெத்தி தெரிஞ்சுது, அதுக்குள்ள படம் நின்னு போச்சு. அந்த நெத்தியோட ஆறு மாசம் இஞ்சின் ரூம்ல இருந்திருக்கேன். புதன்கிழமை ஏறினா மறுபடி ஒன்பது மாசம். நான் இல்லாதப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு. இதையாவது நான் இருக்கறப்ப முடிங்க."

கதை நடத்துபவன் நினைத்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அரக்கனுக்குத் தும்மல் வந்தது, பூனை தப்பித்தாள் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவள் கேட்டிருப்பாள். ஒருமுறை அவளுக்காக ஒரு பூட்டைச் சுலபமாக்கினேன். கண்டுபிடித்துவிட்டாள். விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைப்பதாக இருந்தால் உன்கூட ஆட மாட்டேன் என்று இரண்டு ஞாயிறு புத்தகம் படித்துக்கொண்டு உள்ளே இருந்தாள். அவளுடைய பகடையை நானோ இவனோ எடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வேறு எதில் உறுதியாக இருக்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

தாளை வாங்கினேன். நாலாவது வரியை அடித்தேன். அதன் மேலேயே சிறிய எழுத்தில் எழுதினேன்: பிடித்திருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் உருட்ட வேண்டும். முதல் சுற்றில் ஐந்து வேண்டும். பிறகு சுற்றுக்கு மூன்று கூடும். தவறினால் பிடி விடும்.

பல் டாக்டர் எட்டிப் படித்தாள். "அரைப் பக்கத்துக்குள்ள வந்துடுச்சு," என்றாள்.

"இப்ப பிடிச்சிருக்கறது யாரு?" என்றான் மச்சினன்.

"நான்தான்."

நாற்காலிகளை இழுத்துப் போட்டோம். வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் கோப்பைகளை வைத்தோம். பூனைக்கு அடையாளமாக வைத்திருந்த கறுப்புச் சட்டைப் பொத்தானை மச்சினன்தான் எடுத்து அரக்கனின் வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தான். மூன்று முறை நகர்த்திச் சரிசெய்தான். பகடையை எடுத்தேன்.

ஐந்து வேண்டும். பதின்மூன்று விழுந்தது.

எட்டு வேண்டும். சரியாக எட்டு. "தொட்டாப் போதுமா, தாண்டணுமா?" என்றாள் பல் டாக்டர். தொட்டால் போதும் என்று இரண்டாவது வரியில் இருக்கிறது என்றேன். தலையாட்டினாள்.

பதினொன்று வேண்டும். பத்தொன்பது.

"விட மாட்டேங்கறீங்களே மாமா," என்றான் மச்சினன். சிரிப்பதா வேண்டாமா என்று அவன் வாய்க்குத் தெரியவில்லை.

பதினான்கு வேண்டும். பகடை கோப்பையில் மோதித் திரும்பி, பாலத்தின் மேலேயே வந்து நின்றது. ஆறு.

விழுந்த எண்ணைக் கதையாகச் சொல்ல வேண்டியவன் நான். எட்டு மாதமாக இந்த மேசையில் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"அரக்கனோட சுண்டுவிரல் முதல்ல விடுது," என்றேன். "அப்புறம் அடுத்தது. அவன் இறுக்கித்தான் பாக்கறான். கை கேட்கல. பூனை அவன் கட்டைவிரலைப் பாக்கறா. அப்புறம் கீழ பாக்கறா."

அங்கே நிறுத்தினேன். அவள் வழக்கமாக ஏதாவது சொல்லும் இடம் அது. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கீழ என்ன இருக்கு?" என்றான் மச்சினன்.

வரைபடத்தைப் பார்த்தேன். பாலத்தின் பலகைகளை அளவுகோல் வைத்து ஒவ்வொன்றாக வரைந்திருந்தேன். கைப்பிடிச் சுவர் இருந்தது. இரண்டு முனையிலும் விளக்குக் கம்பம் இருந்தது. சுவருக்கு வெளியே, பாலத்தின் இரு பக்கமும், வெறும் வெள்ளைத் தாள். அங்கே ஆறா, பாறையா, எவ்வளவு ஆழம் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. பதினேழு வடிவத்திலும் அதற்கு ஒரு வரி இல்லை.

"தெரியல," என்றேன்.

"சரி. வரைங்க," என்றான். தன் பக்கத்துக் கோப்பைகளை எடுத்துத் தரையில் வைத்துத் தாளை என் பக்கம் திருப்பினான்.

பென்சிலை எடுத்தேன். அவனைப் பிடித்திருந்ததில் வந்த கை நடுக்கம் இன்னும் ஓயவில்லை. சுவரோரம் முனையை ஊன்றி ஒரு கோடு தொடங்கினேன். நேராகத்தான் இழுத்தேன். அது தண்ணீர் மாதிரி நெளிந்து நெளிந்து போயிற்று. பக்கத்தில் இன்னொன்று போட்டேன், அதுவும் அப்படித்தான் வந்தது. மச்சினன் ஒரு விரலால் கறுப்புப் பொத்தானைப் பாலத்தின் விளிம்பில் தொட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். கோடு தாளின் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.