கதண்டுக்கு ஒரு கம்பிச் சட்டம்

ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தே காலத்தைத் தள்ளிய அந்த மனிதருக்குத் தெருவில் 'ஷாக்' என்றுதான் பேர். அவர் வாங்காத ஷாக் கிடையாது. "கரண்டு எனக்குச் சம்பந்தி மாதிரி. அப்பப்ப முறைச்சுக்கும், உறவை முறிச்சுக்காது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மகன் லாரியில் அடிபட்டுப் போனதோடு அந்தச் சிரிப்பும் போயிற்று. வீட்டில் மிஞ்சியது அவரும் மருமகளும்; கொல்லையில் மகன் வைத்துவிட்டுப் போன எட்டுத் தேனீப் பெட்டிகள்.

பெட்டிகளை மருமகள்தான் பார்த்துக்கொண்டாள். காலையில் மூடியைத் திறந்து அடைகளைத் தூக்கிப் பார்க்கும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். அதைப் பார்ப்பதற்காகவே மாமனார் பின்வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

மழை ஓய்ந்த கையோடு கதண்டுக் குளவிகள் வந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் தண்டி. பெட்டி வாசலுக்கு நேரே அந்தரத்தில் நின்று, வெளியே வரும் தேனீயைக் கவ்விக்கொண்டு போயின. வெளியே போனால் சாவு, உள்ளே இருந்தால் பட்டினி என்று தேனீக்கள் பெட்டிக்குள் முடங்கின.

"மாமா, எங்கம்மா வீட்டுப் பக்கம் கதண்டே கிடையாது. வண்டி பிடிச்சுப் பெட்டியெல்லாம் அங்க கொண்டுபோயிரலாம். நானும் கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துக்கறேன்" என்றாள் மருமகள்.

'கொஞ்ச நாள்' என்ற சொல் அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சின்ன வயசு. பிறந்த வீட்டுக்குப் போனவளை யார் திரும்ப அனுப்புவார்கள்?

"அதெல்லாம் எதுக்கும்மா? நான் ஒரு மிஷின் செஞ்சு தரேன். ஒரு கதண்டு இந்தப் பக்கம் தலை காட்டாது பாரு."

"சீக்கிரம் முடியுமா மாமா?"

"ரெண்டே நாள்" என்றார் அவர்.

மரச்சட்டம் அடித்து, மெல்லிய கம்பிகளை நெடுக்காக இழுத்துக் கட்டினார். தேனீ இடையில் நுழைந்து போய்விடும்; கதண்டின் அகன்ற இறக்கை இரண்டு கம்பியிலும் ஒரே நேரத்தில் பட்டுச் சுருண்டு விழும். பழைய டிவியிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர் அதற்கு வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கொடுக்கும். கணக்கு சரிதான். கை ஒத்துழைக்கவில்லை. முதல் டிரான்ஸ்பார்மர் புகைந்து போனது. அடுத்ததை மாட்டிப் பார்த்தால் தேனீக்களும் சேர்ந்து செத்தன. கம்பிகளை முழுக்க அவிழ்த்து, இடைவெளியைக் கூட்டி, மறுபடி முதலிலிருந்து கட்டினார்.

அதற்குள் ஒரு வாரம் ஓடியது. அவள் பகலெல்லாம் ஒரு பழைய பேட்மின்டன் மட்டையோடு பெட்டிகளுக்கு முன்னால் நின்றாள்; மூடியைத் திறந்து பார்க்க நேரமே கிடைக்கவில்லை. கதண்டு கொட்டி மணிக்கட்டு பன் ரொட்டி மாதிரிப் புடைத்திருந்தது. துணியை நனைத்துச் சுற்றிக்கொண்டு மறுபடி நின்றாள்.

"மாமா, வண்டி சொல்லட்டுமா?"

"இன்னிக்கு முடிஞ்சிரும்மா."

மறுநாளும் கேட்டாள். அவரும் அதையே சொன்னார். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

சட்டம் தயாரான நாளில் அதைப் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்தி, கீழே சோப்புத் தண்ணீர்த் தொட்டியை வைத்து, ஸ்விட்சைப் போட்டார். முதல் கதண்டு 'சடக்'கென்று தொட்டியில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பொழுது சாய்வதற்குள் தொட்டி கறுத்துவிட்டது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. கிழவருக்குக் கண் நிறைந்தது.

"இனிமே அதுங்க பயமில்லாம வெளிய வரும் மாமா. எப்படி இருக்குதுங்கன்னு பார்க்கறேன்" என்று முதல் பெட்டியைத் திறந்தாள்.

ஒரு பிடி தேனீக்கள் மூலையில் ஒட்டிக் கிடந்தன. அடையில் புழுக்கள் செத்துக் காய்ந்திருந்தன. ராணி இல்லை. இரண்டாவதில் அந்த ஒரு பிடியும் இல்லை. எட்டையும் திறந்தாள். ஒவ்வொரு மூடியையும் பழையபடியே பொருத்தி மூடினாள்.

"போன வாரம் கொண்டுபோயிருந்தா பொழைச்சிருக்கும், இல்ல மாமா?"

அவருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "பொழைச்சிருக்கும்மா. நீ போனா திரும்ப வரமாட்டியோன்னு பயந்துட்டேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"வந்திருப்பேன் மாமா" என்றாள்.

அந்த வார முடிவிலேயே அவள் கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை அவர்தான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். 'போகாதே' என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை? பஸ் ஏறுமுன், "பிரஷர் மாத்திரை தீரப்போகுது, வாங்கிக்குங்க" என்றாள். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பின்வாசலில் உட்கார்ந்தார். இரண்டு கதண்டுகள் வந்து, பெட்டி வாசலில் நுழைந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தன. அவர் எழுந்து போய் ஸ்விட்சைப் போடவில்லை.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுத் தையல்காரர் தலை தெரிந்தது. "என்ன அண்ணே, மிஷின் வேலை செய்யுதா?"

"நல்லா வேலை செய்யுது" என்றார்.

"அப்ப எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க. எங்க கூரையிலயும் கதண்டு கூடு கட்டியிருக்கு."

"செய்யலாம்" என்றார் அவர். தையல்காரர் போன பிறகும், அந்த வெற்று மதிலையே பார்த்துக்கொண்டு, "செய்யலாம், செய்யலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.